அந்தப் பக்கம் கேக்குதா, மாமா?

வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த முதல் வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். கோர்ட்டில் தீர்ப்பு வந்த பிறகு உன்னை மருமகள் என்று எழுதலாமா என்று ஒரு சந்தேகம். வக்கீலைக் கேட்டால் சிரிப்பார். வேறு என்ன எழுதுவது என்றும் யோசித்துப் பார்த்தேன். உன்னைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. 'ஏம்மா' என்றுதான் பழக்கம். 'அன்புள்ள ஏம்மாவுக்கு' என்று ஒரு கடிதத்தைத் தொடங்க முடியாது. ஆகவே பழைய சொல்லையே வைத்துக்கொண்டேன். தவறு என்று பட்டால் சொல், அடுத்த கடிதத்தில் மாற்றிக்கொள்கிறேன்.

ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் ஃபோனை எடுத்தால் எனக்கு 'சரி, சரி, வெச்சிடுறேன்' என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். கடிதத்தில் அடித்துத் திருத்த வசதி இருக்கிறது.

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. அறை வசதியாக இருக்கிறது, வேலை செய்யும் லேபில் எல்லோரும் நல்லவர்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை, 'நல்லா இருக்கேன் மாமா, கவலப்படாதீங்க' என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. அங்கேயும் செயற்கைப் பல் வார்க்கிற வேலையே கிடைத்தது நல்லதாயிற்று. புது ஊரில் புது வேலையும் பழக வேண்டுமென்றால் சிரமம். மெழுகுச் சூட்டில் விரலைப் பொசுக்கிக்கொள்ளாதே. இங்கே நீ மறந்துவிட்டுப் போன களிம்பு அலமாரியில்தான் இருக்கிறது.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. என் பிள்ளைக்கு லிஃப்ட் கம்பெனியில் மறுபடி இரவு வேலை. பகலில் தூங்குகிறான். நான் செருப்பில்லாமல் நடக்கிறேன், குக்கர் வைப்பதில்லை. பேச்சு என்று பெரிதாக இல்லை. ஆனால் முன்பிருந்த உர்ரென்ற முகமும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். எழுந்ததும் சரிசெய்துவிட்டு, 'இன்னும் வேற எதாவது இருக்கா?' என்று கேட்டான். வேறொன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, புதுப் பாட்டெல்லாம் வெளியாகும் நாள். சமையலறை மேசையில் என் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். இயர்போனில் வலது என்று குறித்ததை என் காதில் வைத்தேன். இடதை உன் நாற்காலிக்கு முன்னால் மேசைமேல் வைத்தேன். பழக்கம்தான். பாட்டைத் தொடங்கும் முன் 'அந்தப் பக்கம் கேக்குதா, மாமா?' என்று கேட்பாயே, அது இல்லாமலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டதால் முதல் வரியைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

நீ வந்த புதிதில் பாத்திரம் கழுவிக்கொண்டே இந்த ராப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்ததும், லாரியிலிருந்து கம்பி இறக்குவதுபோல இருக்கிறதே என்று நான் முனகியதும் ஞாபகம் வந்தது. 'ஒரு தடவ வார்த்தைய மட்டும் கேளுங்க மாமா. பிடிக்கலன்னா நானே நிறுத்திடுறேன்' என்று ஈரக் கையோடு இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாய். எதுகையும் மோனையும் இயைபும் செத்துவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவை அங்கே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பிடித்தது. ராப் கேட்கிற கிழவன் என்று அவன் கேலி செய்தபோதுகூட விடவில்லை.

இந்த வாரம் மூன்று.

முதலாவது 'தகரம்' என்று பெயர் வைத்துக்கொண்ட நம் ராப் பையனின் புதிய ஆல்பம். நாம் ஆவலாகக் காத்திருந்தது. ஏமாற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் ஏமாற்றம்தான். மூச்சு விடாமல் சொற்களை அடுக்குவதில் அவனுக்கு இணை இன்றும் இல்லை. ஆனால் கார் வாங்கிய செய்தியைச் சொல்ல எதற்கு மூன்று பாட்டு? கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்த பாட்டில் இருந்த ஓட்டம், கார் வாங்கிய பாட்டில் இல்லை. நாலாவது பாட்டில் மட்டும் அவனுடைய அப்பா கார் கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கிறார். அந்த இடத்தை மட்டும் திருப்பி வைத்துக் கேட்டேன். பத்துக்கு ஆறு. அந்த அப்பா இல்லையென்றால் நாலு.

இரண்டாவது, 'அண்ணன் தம்பி கம்பெனி' என்று சேர்ந்து பாடிய ஜோடி. அவர்கள் பிரிந்துவிட்டார்கள். தம்பி அண்ணனைத் திட்டித் தனியாக ஒரு பாட்டு விட்டிருக்கிறான். ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற இந்த டிஸ் பாட்டுகளில் எனக்குள்ள கூச்சம் உனக்குத் தெரியும். யாரோ பக்கத்து வீட்டில் சண்டை போடுவதுபோல ஜன்னலைச் சாத்தத் தோன்றும். ஆனால் திட்டிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஓர் இடத்தில்கூட கெட்ட வார்த்தை இல்லாமல், அண்ணன் இரவல் வாங்கித் திருப்பித் தராத சட்டையைப் பற்றியே பாட்டு முழுவதும் போகிறது. ஏழரை.

மூன்றாவது ஒரு புதுமுகம். முகம் என்று சொல்வதற்கில்லை, முகமூடி. பெயர் 'பக்கத்து சீட்'. பெண். குரலை மெஷினில் போட்டுக் கட்டையாக்கியிருக்கிறார். பாட்டின் பெயர் 'சௌகரியம்'. கருத்து எழுதும் இடத்தையும் மூடி வைத்திருக்கிறார். பாட்டு இப்படிப் போகிறது:

ரூம் இருக்கு, ரோட்டோரமா இருக்கு
ஜன்னல் இருக்கு, வெளிச்சமும் இருக்கு
சாப்பாடு இருக்கு, சூடா இருக்கு
ஃபோன் இருக்கு, சார்ஜும் இருக்கு

இதில் என்ன இருக்கு என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் இயைபு ஆகிவிடாது. வீடு மாற்றும்போது சாமான்களைச் சரிபார்ப்பதுபோல இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு பெரிய பள்ளம். வெறும் டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரிக்குள் ஒரு பஸ் வந்து போய்விடும். எல்லாம் சௌகரியமாக இருப்பவர் எதற்காகப் பாட வேண்டும்? எங்கும் காயமே இல்லை. மூன்று மதிப்பெண் போட்டேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்ததற்காக அதுவும்.

நீ இருந்தால் 'புதுசா வர்ற புள்ள, கொஞ்சம் பாத்து போடுங்க மாமா' என்று கெஞ்சியிருப்பாய். நான் ஐந்து வரை ஏறியிருப்பேன். விமர்சனம் போடுகிற நம் பேஜில் இப்போது நானே ஒற்றை விரலால் டைப் செய்து போடுகிறேன். நீ வைத்த 'தராசு' என்ற பெயரில்தான். எடை அளவுத் துறையில் இருந்தபோது கடைத் தராசுகளை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தினேன், இப்போது பாட்டுகளுக்கு. எழுதியது சரியா என்று படித்துப் பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
என்ன உறவு போட்டுக் கையெழுத்திடுவது என்று தெரியாததால்,
தராசு


புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ மாற்றச் சொல்லாததால் அதே சொல்லில் தொடங்குகிறேன்.

உன் செய்தி வந்தது. 'ரிவ்யூ படிச்சேன் மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இங்க வேல ஜாஸ்தி. இனிமே பாட்டுப் பக்கம் வர முடியும்னு தோணல. பேஜ நீங்களே பாத்துக்கோங்க. நல்லா இருக்கேன்.' இவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குற்றமாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வேலையை ராஜினாமா செய்பவர்கள் எழுதும் கடிதத்தின் சாயல் தெரிந்தது. நான்தான் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ இந்த வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் பெரிதாகப் பயப்படவில்லை. நீங்கள் இருவருமே நல்லவர்கள், ஒரே கூரையின் கீழ் இருக்கத்தான் முடியவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் போனாலும் வெள்ளிக்கிழமை இருக்கிறது, பாட்டு வரும், எழுதுவேன், அவள் சண்டைக்கு வருவாள் என்று இருந்தேன். கோர்ட் உன் அலமாரியை, உன் சான்றிதழ்களை, உன் சைக்கிளை எல்லாம் பிரித்துக் கொடுத்தது. வெள்ளிக்கிழமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இப்போது அதையும் நீ எடுத்துக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வேலைப் பளு என்றால் சரி. ஒன்றிரண்டு வாரம் விட்டுக்கூட வா. ஒரேயடியாக வேண்டாம்.

பேஜில் எனக்கு வேறு விதத்தில் வினை வந்திருக்கிறது. அந்தப் 'பக்கத்து சீட்' என்ற பெண், தன் பாட்டுக்குக் கீழே 'இதுவே முதலும் கடைசியும். கேட்டவர்களுக்கு நன்றி' என்று எழுதிவிட்டாராம். பழி என் தலையில். 'தராசு பெருசு ஒரு ஆள முளைக்கும்போதே கிள்ளிட்டாரு' என்கிறான் ஒருவன். 'மூணு மார்க்குக்கே மூட்டையக் கட்டுறவங்க ராப்புக்கு எதுக்கு வரணும்?' என்கிறான் இன்னொருவன். எனக்கு ஆதரவாகப் பேசிய இவனைப் படித்தபோதுதான் அதிக வேதனையாக இருந்தது. ஒருவர் மட்டும் மரியாதையாக, 'ஐயா, தப்பா நினைக்காதீங்க, ஹெட்ஃபோன் போட்டுத்தான் கேட்டீங்களா?' என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பகலில் தூங்குகிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது நான் என்ன ஸ்பீக்கரிலா போட்டு அலறவிடுவேன்? 'இயர்போனில்தான் கேட்டேன். என் காதில் பழுதில்லை' என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவர் எழுதவில்லை.

பழியைக் கேட்டுவிட்டுப் பாட்டையும் மறுபடி கேட்டேன். அதே ரூம், அதே ஜன்னல், அதே பள்ளங்கள். ஏற்றிப் போட மனம் வந்தது, காரணம் கிடைக்கவில்லை. கடைக்காரர் அழுகிறார் என்பதற்காகக் குறைந்த எடைக் கல்லுக்கு முத்திரை வைக்க முடியுமா? அப்படி வைத்ததில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எங்கோ ஒரு பெண் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறாள், அதற்கு நான் காரணம் என்றால், அந்தக் கல் சரியாக இருந்து என்ன, தப்பாக இருந்து என்ன?

உன்னைச் சண்டைக்கு இழுக்க ஒரு செய்தி. நம் ராப் பாடகர் 'சிமெண்ட் மூட்டை' புதிய பாட்டு விட்டிருக்கிறார். அந்தக் கனத்த குரலை நாம் இருவரும் எவ்வளவு மெச்சியிருக்கிறோம்! இந்த முறை குரலை மெஷினில் கொடுத்து வழுவழுவென்று ஆக்கிவிட்டார். இஸ்திரி போட்ட குரல். மடிப்பு கலையாமல் அழுகிறார். 'இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க மாமா, அதுவும் ஒரு அழகுதான்' என்று நீ சொல்வாய். சொல்லேன். சொன்னால் நான் மறுத்து எழுதுவேன். பாட்டின் நடுவே ஏதோ மணிச் சத்தம் பாதி பாதியாகக் கேட்டது. முன்பெல்லாம் 'இந்தப் பக்கம் ஒரு மணி அடிக்குது மாமா' என்று நீயே சொல்லிவிடுவாய். இப்போது ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முழங்கால் வலி பரவாயில்லை. அவன் காலில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பதில் போடு. 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரியானாலும் போதும்.

இப்படிக்கு,
தராசு


திங்கட்கிழமை காலை

அன்புள்ள மருமகளுக்கு,

முந்தைய கடிதத்தில் ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. போதாது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குக் குழம்பிவிடும்.

நேற்று ஞாயிறு. அவனுக்கு ஓய்வு. மாலையில் தேநீர் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தான். மற்ற நாற்காலியில் நான் மடிக்காத துணி குவித்து வைத்திருந்ததால், உன் நாற்காலியில் உட்கார்ந்தான். நீ போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. எனக்கு மனம் ஆறாமல் அந்தச் 'சௌகரியம்' பாட்டைத்தான் இன்னொரு முறை வைத்திருந்தேன்.

'இன்னும் இந்தக் கம்பி இறக்குற சத்தத்த விடலயாப்பா?' என்றான். கோபமாக இல்லை, பேச வேண்டுமே என்று பேசினான். பிறகு எதிரே கிடந்த இடது பக்கத்தை எடுத்து, விளையாட்டாகத்தான், காதில் வைத்தான்.

அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வாய் வரை கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். எனக்கு வழக்கமான பள்ளம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. என்னடா என்றேன். கையைக் காட்டி இரு என்றான். பாட்டு முடிந்தது. காதிலிருந்து எடுக்காமலே, 'அப்பா, இது அவ' என்றான்.

யார் என்று கேட்டேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் எவ்வளவு மந்தம் பார். அவன் அதைத் தன் காதிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினான். 'இந்தப் பக்கத்தையும் போட்டுக் கேளுங்க. ரெண்டையும் போட்டுக்கங்க' என்றான்.

போட்டுக்கொண்டேன். இந்த இயர்போனின் இரண்டு பக்கமும் ஒன்றாக என் காதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

வலது பக்கம் எனக்குத் தெரிந்த அந்தக் கட்டைக் குரல். இடது பக்கத்தில் மெஷினில் போடாத குரல். சற்றே சளிப் பிடித்த, பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிற குரல். நான் பள்ளம் என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் அது பேசியது.

ரூம் இருக்கு, ரோட்டோரமா இருக்கு.
உள்ள யாரு இருக்கா?
ஜன்னல் இருக்கு, வெளிச்சமும் இருக்கு.
எட்டிப் பாக்க யாரு இருக்கா?
சாப்பாடு இருக்கு, சூடா இருக்கு.
சாப்டியான்னு கேக்க யாரு இருக்கா?
ஃபோன் இருக்கு, சார்ஜும் இருக்கு.
கூப்பிட எனக்கு என்ன முறை இருக்கு?

அதற்குப் பின்னால் டிரம் அல்ல, டம்ளர் விளிம்பில் கரண்டி தட்டுகிற சத்தம். மூன்றாவது தட்டு எப்போதும் சற்றுத் தாமதமாக விழும். நீ அப்படித் தட்டுவதை இந்த மேசையில் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். கடைசியில் எல்லாம் ஓய்ந்த பிறகு, இடது பக்கத்தில் மட்டும், கேட்கக் கூடாதவரிடம் கேட்பதுபோல ஒரு கேள்வி: 'அந்தப் பக்கம் கேக்குதா?'

கேட்கவில்லை அம்மா. கேட்காமலே மூன்று மதிப்பெண் போட்டேன்.

கடைக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டு தட்டையும் பார்க்காமல் எதையும் பேசாதீர்கள் என்பது. இத்தனை வருடம் ஒற்றைத் தட்டைப் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறேன். நீ இருந்தவரை அது தெரியவில்லை. மறு தட்டை நீ சொல்லிவிடுவாய். மணி அடிக்கிறது, பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிறது, இங்கே அவன் குரல் நடுங்குகிறது என்று. என் பாதி விமர்சனம் உன் காதால் எழுதியது. நீ போன பிறகும் அந்தப் பக்கத்தைக் காலி நாற்காலிக்குக் கொடுத்துவிட்டு, பாட்டில் பள்ளம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். காதில் பழுதில்லை என்று வீறாப்பு வேறு.

நீ ஏன் அப்படிப் பிரித்து வைத்தாய் என்று யோசித்தேன். மாமா வலது பக்கம்தான் கேட்பார், அவருக்கு இந்தச் சௌகரியம் மட்டும் போய்ச் சேரட்டும் என்று நினைத்தாயா? அல்லது என்றைக்காவது ஒரு நாள் அந்த இன்னொன்றையும் எடுத்துப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தாயா? இரண்டில் எது என்று நான் கேட்க மாட்டேன். நீ சொல்ல வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்ட ஒருவரை முகமூடியைக் கழற்று என்பது முறையல்ல. பேஜில் யாருக்கும் தெரியாது, என் மூலம் தெரியவும் செய்யாது. உன் செய்திகளை மட்டும் எடுத்து மறுபடி படித்தேன். எல்லாமே வலது பக்கம்.

அவனைப் பற்றி எழுத வேண்டும். பாட்டு முடிந்து நான் நிமிர்ந்தபோது அவன் தொட்டியருகில் நின்று, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அவன் கேட்டது இடது பக்கம் மட்டும்தானே. ரூமும் ஜன்னலும் சூடான சாப்பாடும் அவன் காதுக்கு வரவே இல்லை, கேள்விகள் மட்டும் வந்திருக்கின்றன. பிறகு திரும்பாமலே, 'மொதல்ல அந்த மூணு மார்க்க அழிங்கப்பா' என்றான். ஃபோன் செய்யட்டுமா என்றேன். 'ஃபோன்ல நீங்க சரி சரின்னுட்டு வெச்சிருவீங்க. லெட்டர் எழுதுங்க' என்றான். 'நீ கேட்டதையும் எழுதலாமாடா?' என்றேன். சற்று நேரம் குழாயை ஓடவிட்டு, 'உள்ளத எழுதுங்க' என்றான். ஆகவே எழுதிவிட்டேன். அவன் உன்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முடிந்தது முடிந்ததுதான். ஆனால் அந்தப் பாட்டு அவனுக்கும் போய்ச் சேர்ந்தது என்று உனக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது.

பேஜில் நேற்றே திருத்தம் போட்டுவிட்டேன். அதை இங்கேயும் எழுதுகிறேன். ஒற்றை விரலில் டைப் செய்ததில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

'சௌகரியம் என்ற பாட்டுக்கு நான் போட்ட மதிப்பெண்ணைத் திரும்பப் பெறுகிறேன். காரணம், பாட்டின் பாதியைத்தான் கேட்டேன். குறை காதில் இல்லை, கேட்ட விதத்தில். வலது பக்கம் ஒருவர் இருக்கு இருக்கு என்று அடுக்க, இடது பக்கம் அவரே இருக்கா இருக்கா என்று கேட்கிறார். கடைசி அடியில் கேள்வியும் இருக்கு என்றே முடிந்து, இரண்டு பக்கமும் ஒரே இயைபில் சேர்கின்றன. இப்படி ஒரு கட்டுமானத்தை நான் இதுவரை கேட்டதில்லை. இதற்கு மதிப்பெண் போட எனக்குத் தகுதி போதாது. ஹெட்ஃபோனில் கேட்டீர்களா என்று கேட்ட நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாடகி நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.'

பையன்கள் விடுவார்களா? 'பெருசு, இத்தன வருஷமா ஒத்தக் காதுலயா எங்கள எல்லாம் போட்டுத் தாக்கினீங்க?' என்று ஒருவன். 'அப்ப தகரத்துக்குப் போட்ட ஆறு இப்ப பன்னெண்டா?' என்று இன்னொருவன். சிரிக்கட்டும். முத்திரை போட்ட எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துச் சோதிக்க வேண்டியதுதான். நாம் முதன்முதலில் கேட்ட பாட்டிலிருந்து தொடங்குகிறேன். தகரத்தின் நாலாவது பாட்டில், அப்பா கார் கதவருகே நிற்கும்போது, இடது பக்கத்தில் ஒரு குழந்தை 'தாத்தா, இங்க அமுக்கணும்' என்று சொல்கிறது. எனக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

இனி அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கூப்பிட என்ன முறை இருக்கு என்று கேட்டிருக்கிறாய். நானும் இதே கேள்வியோடுதான் முதல் கடிதத்தில் பேனாவை மூடி வைத்திருந்தேன். ஒரே கேள்வியை இங்கே நானும் அங்கே நீயும் தனித்தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். கோர்ட் எழுதிக் கொடுத்தது அவனுக்கும் உனக்கும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீண்ட ஒயரைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. நான் படித்துப் பார்த்துவிட்டேன். மாமா என்று கூப்பிடு. வேறு யாராவது என்ன முறையில் என்று கேட்டால், பாட்டுக் கேட்கிற முறையில் என்று சொல்.

எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. நான் சரி சரி என்றுதான் சொல்வேன், ஆனால் வைக்க மாட்டேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிடு. சாப்டியா என்று கேட்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல். நான் அங்கே வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று நீ நினைத்தால் ஒரு வார்த்தை எழுது. தனியாக நெடுந்தூரம் போய் எனக்குப் பழக்கமில்லை. ரயிலில் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டுவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே வருவேன்.

மைக்கை யாருக்கும் கொடுத்துவிடாதே. இன்னொரு பாட்டு போடு. சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதில்லை, நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு பக்கத்திலும் நீ இருந்தால் போதும். இனி 'நல்லா இருக்கேன்' என்று எழுதாதே அம்மா. எப்படி இருக்கிறாயோ அப்படி எழுது. அதைத் தாங்குகிற அளவுக்கு இந்த வீட்டில் ஆள் இருக்கிறது.

வயிறார உண்டு, கண்ணாரத் தூங்கி, நினைத்ததையெல்லாம் வாய்விட்டுப் பாடி, நீ நீடூழி இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் கேட்கிறது.

உன்
மாமா